சாயல்குடிப் பக்கத்து அடைமுட்டைக் கடை: முட்டைக்கும் கடகத்துக்கும் போகலாம், அடைக்கோழிக்கு யோசிக்க வேண்டும்

சாயல்குடியிலிருந்து நரிப்பையூர் நோக்கிப் போகும் சாலையில், பனைவடலிகளுக்கு இடையே ஒரு வீட்டின் முன்கொட்டகையில் நடக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அடை வைப்பதற்கான, அதாவது கோழியை உட்காரவைத்துக் குஞ்சு பொரிப்பதற்கான, சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழியின் முட்டை, அதற்கென்றே முடைந்த பனையோலைக் கடகம் (கூடை), வீட்டில் அடைக்கோழி இல்லாதவர்களுக்கு வாரத்துக்கு, அதாவது குஞ்சில் பங்கு என்ற பேச்சில், தரும் கோழி என மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை வரையிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். வருவோர் அனைவரும் பெரியம்மா என்று அழைக்கும் மூதாட்டி ஒருவர்தான் இதை நடத்துகிறார். நான் இங்கே முட்டையும் கடகமும் தொடர்ந்து வாங்கி வருகிறேன். கோழியை வாரத்துக்கு எடுத்த அனுபவமும் உண்டு. முட்டையும் கடகமும் கொடுக்கும் காசுக்குத் தகும். அடைக்கோழியைப் பற்றியும், கெட்டுப்போன முட்டைக்கு மாற்று தரும் விதியைப் பற்றியும் எனக்குச் சில குறைகள் உண்டு.

முதலில் முட்டை. ஒவ்வொரு முட்டையின் மேலும் அது இடப்பட்ட தேதி பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒரு காரியத்துக்காகவே இக்கடைக்குப் போகலாம் என்று சொல்வேன். சந்தையில் நாட்டுக்கோழி முட்டை என்று வாங்குவது எத்தனை நாள் கூடையில் கிடந்தது, எந்த வெயிலில் பயணம் செய்தது, அந்தக் கோழிகளோடு சேவல் இருந்ததா என்பதை விற்பவராலேயே சொல்ல முடியாது. அடை வைக்கும் முட்டையை 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்திருந்து ஏழு நாட்களுக்குள் அடைக்கு வைத்துவிட வேண்டும் என்பது கோழி வளர்ப்பில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. ராமநாதபுரம் கடற்கரையில் மார்கழி இரவிலும் அந்தக் குளிர்ச்சி வாய்க்காது. வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரியைத் தாண்டியதுமே முட்டைக்குள் இருக்கும் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒழுங்கான வளர்ச்சிக்கு வேண்டிய 37.5 டிகிரி அளவு கிடைக்காமல் அரைகுறையாக வளர்ந்து, வலுவிழந்து, கோழிக்குக் கீழே போன சில நாட்களிலேயே செத்துவிடுகிறது. கோழி சரியாக உட்காரவில்லை என்று நம் ஊரில் கோழியின் மேல் போடும் பழியில் பெரும்பகுதி உண்மையில் அடைக்கு முன்பே கெட்டுவிட்ட முட்டைக்கு உரியது.

பெரியம்மா இதற்குச் செய்யும் ஏற்பாடு எளியது. கொட்டகையின் நிழல் மூலையில் மணலைக் குவித்து, அதில் மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, காலையும் மாலையும் மணலை நனைத்து வைக்கிறார். பானைக்குள் துணி விரித்து, கூரிய முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கி, மேலே பருத்தித் துணியால் மூடுகிறார். ஈரம் ஆவியாகும்போது பானையின் உட்புறம் வெளியைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். அப்படி வைத்தும், வெயில் காலத்தில் ஐந்து நாள் கடந்த முட்டையை அடைக்கு விற்பதில்லை. அதைச் சமையலுக்கென்று தனிக் கூடையில் குறைந்த விலைக்குப் போட்டுவிடுகிறார். அக்கினி நட்சத்திர நாட்களில் அடைமுட்டை விற்பனையையே நிறுத்திவிடுகிறார். அந்த நேரத்தில் போய்க் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். முட்டையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கரு பிழைப்பது அரிது என்பதையும், தகரக் கொட்டகைக்குள் சித்திரை மதியம் எப்படி இருக்கும் என்பதையும் நினைத்தால் அவர் செய்வது வாடிக்கையாளருக்கு நன்மைதான்.

முட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும் அவருக்குக் கண்டிப்பு உண்டு. மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கோணல் உள்ளதையும் ஒதுக்கிவிட்டு, நடுத்தர அளவுள்ளவற்றை மட்டும் எடுக்கிறார். இரண்டு முட்டைகளை மெதுவாக ஒன்றோடு ஒன்று தட்டி, ஓசை மாறினால் கீறல் என்று தள்ளிவிடுகிறார். எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவித் தருவதில்லை. ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய படலம் கழுவினால் போய்விடும், அதன் பிறகு நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே நுழைவது எளிதாகிவிடும். ஆகவே சுத்தமாக இருப்பதை எடுப்பதும், லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைப்பதும்தான் சரி. தோப்பில் எட்டு அல்லது பத்துக் கோழிக்கு ஒரு சேவல் என்ற கணக்கு இருப்பதால் கூமுட்டை, அதாவது கரு பிடிக்காத முட்டை, குறைவாகவே வருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: முட்டை முழுவதும் அவருடைய சொந்தக் கோழிகளுடையது என்பது நம்பிக்கைக்கு நல்லது, ஆனால் அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வாங்கி வளர்ப்பவர்களுடைய கோழிகளெல்லாம் ஒரே சேவலின் வழிவந்தவையாகிவிடும். நெருங்கிய உறவில் சேரும் கோழிகளின் முட்டையில் பொரிக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். எனவே சேவலை எப்போது மாற்றினார் என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்.

உமி நிரப்பிய சிறிய ஓலைப்பெட்டியில், அகன்ற முனை மேலே இருக்கும்படி முட்டைகளைப் பதித்துக் கொடுப்பதால் இருசக்கர வண்டியில் கொண்டுவந்தாலும் உடைவதில்லை. ஆனால் உடையாமல் வருவதும் கெடாமல் வருவதும் வேறு. குலுங்கி வந்த முட்டையை அன்றே கோழிக்கு அடியில் வைக்காமல், நிழலில் அகன்ற முனை மேலிருக்க ஒரு நாள் அசையாமல் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றறை நிலைபெறும். இதைக் கடையில் எல்லோருக்கும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது பயண நேரத்தைப் பற்றியது: காலை எட்டு மணிக்குள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வழியில் கடைத்தெருவில் நிறுத்தி, முட்டைப் பெட்டியை வண்டியின் பூட்டிய பெட்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டால், பானையில் காத்துவைத்த குளிர்ச்சி எல்லாம் அரைமணி நேரத்தில் வீணாகிவிடும்.

கடகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முட்டைக்கு அடுத்தபடியாக அடையின் வெற்றி கூட்டின் வடிவத்தில்தான் இருக்கிறது. இங்கே தரும் கடகம் சிறுவிடைக் கோழியின் உடலுக்கு அளவெடுத்தது போல ஒரு அடிக்குச் சற்றே கூடுதலான அகலமும், அரை அடிக்குக் குறையாத ஆழமும் கொண்டது. இரட்டை ஓலையில் முடைந்து, விளிம்பைப் பனைநாரால் பொத்தியிருக்கிறார்கள். அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் நடுவில் குழிந்திருப்பதால் முட்டைகள் தாமாகவே நடுவில் கூடுகின்றன. அட்டைப்பெட்டியில் அடை வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதன் மூலைகளுக்கு உருண்டுபோன முட்டைகள் கோழியின் சூடு படாமல் குளிர்ந்து, பொரிக்கும் நாளில் பாதி உயிரோடு உள்ளே கிடக்கும். பிளாஸ்டிக் கூடையும் பாத்திரமும் உருண்டையாக இருந்தாலும் காற்றை விடுவதில்லை. கோழியின் உடல் ஈரம் அடியில் தங்கி வைக்கோலை நாறச்செய்கிறது. ஓலை மூச்சுவிடும். கச்சான் என்னும் மேல்காற்று அனலாக வீசும் ஆனி, ஆடியிலும் ஓலைக் கடகத்தில் உட்கார்ந்த கோழி வாய் பிளந்து இளைப்பது குறைவு என்பது என் கண்ணால் கண்டது.

கடகத்தோடு ஒரு பொட்டலம் சலித்த சாம்பலும் செம்மணலும் தருகிறார்கள். அதை அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே நறுக்கிய வைக்கோல் இட்டு, கையால் அழுத்திக் கிண்ணம் போலக் குழிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் பலர் கைக்கெட்டும் கடல்மணலையே அள்ளிப் போடுகிறார்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் பெரியம்மா அதை வேண்டாம் என்கிறார், அது சரியான அறிவுரை. வைக்கோல் நம் வீட்டுப் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து பூத்த வைக்கோலை உதறிவிட்டுப் போடக்கூடாது. அதிலுள்ள பூஞ்சை முட்டைக்குள்ளும் புகும், பொரித்த குஞ்சின் நுரையீரலிலும் தங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். கடகத்துக்கும் ஒரு குறை உண்டு. முடைச்சலின் இடுக்குகளில், கோழியைக் கடிக்கும் சிறு பூச்சியான செள்ளும் உண்ணியும் ஒளிந்துகொண்டால் வெளியேற்றுவது கடினம். ஒரு அடை முடிந்ததும் கொதிநீர் ஊற்றி, கடும் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் அடுத்ததற்கு எடுக்க வேண்டும். நார் தளர்ந்துவிட்டால் தயங்காமல் அடுப்புக்குக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம். விலை அதற்கு இடம் தருகிறது.

ஒரு சிறு துணியில் அடுப்புக்கரித் துண்டு, ஆணி, இரண்டு மிளகாய்வற்றல் ஆகியவற்றை முடிந்து இலவசமாகத் தருகிறார்கள். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க இதைக் கூட்டில் வைப்பது தமிழ்நாட்டில் பல பக்கங்களிலும் உள்ள வழக்கம். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் இந்த முடிச்சில் இருக்கிறது என்பது கடைக்கு ஒரு பெருமை. இடியோசையால் கரு செத்ததை நான் நம்பவில்லை. மழை இரவில் கூடு நனைவதும், மிரண்ட கோழி எழுந்து போய்த் திரும்பாமல் இருப்பதும்தான் காரணம் என்பது என் கருத்து. முடிச்சால் தீங்கு இல்லை, வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்துவிட்ட தைரியத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே கூட்டை விட்டுவிடக்கூடாது. கூட வரும் நொச்சித் தழை வேறு வகை. வைக்கோலுக்கு இடையே அதையும் வேப்பிலையையும் கலந்து போட்டால் பேன் தொல்லை கண்கூடாகக் குறைகிறது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத்தழை மாற்ற வேண்டும்.

வாங்குபவருக்கு வாய்மொழியாகச் சொல்லும் யோசனைகளையும் சேவையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை சரியானவை. கோழி அடைக்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்யாமல் நல்ல முட்டையை வீணாக்க வேண்டாம் என்கிறார்: முட்டையிடுவதை நிறுத்தி, கூட்டைவிட்டு எழாமல், கையை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக் கேறி, இரவிலும் அங்கேயே தங்கினால்தான் அது அடைக்கோழி. ஓரிரு நாள் சமையல் முட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு அவற்றை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை மொத்தமாக வைக்க வேண்டும். இடத்தை மாற்றுவதாக இருந்தாலும் இரவில்தான் செய்ய வேண்டும். பகலில் தூக்கி வைத்த கோழி பழைய இடத்தைத் தேடி ஓடிவிடும். சிறுவிடைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு முட்டை போதும். ஆசைப்பட்டுப் பதினைந்தாக்கினால், கோழி முட்டைகளை மாற்றி மாற்றிப் புரட்டும்போது ஒவ்வொன்றும் ஒரு முறை ஓரத்துக்கு வந்து குளிர்ந்து, மொத்தத்தில் கிடைக்கும் குஞ்சு குறைந்துபோகும். எடை மிகுந்த பெருவிடையைவிடச் சிறுவிடை முட்டையை மிதித்து உடைப்பது குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தீனியிலும் தண்ணீரிலும் இந்தக் கடற்கரைக்கென்று உள்ள இரண்டு எச்சரிக்கைகளை வேறெங்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை. முதலாவது, அடைக்கோழிக்குக் கருவாட்டுக் கழிவு போடக்கூடாது. ஒரு நாளைக்கு ஒருமுறை, கால்மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் மட்டும் எழுந்து தின்று குடித்துக் கழித்துவிட்டு வரும் கோழிக்கு உப்பேறிய தீனி தாகத்தைக் கூட்டி, அது கூட்டைவிட்டு அடிக்கடி எழக் காரணமாகிறது. கம்பு, நொய்யரிசி, கேழ்வரகு போதும். இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், வீட்டுக்கு வாங்கும் குடிநீரில் ஒரு சட்டி கோழிக்கும் ஒதுக்க வேண்டும். பெரிய கோழி ஓரளவு தாங்கினாலும், பொரித்து வரும் குஞ்சுகளால் உப்பைத் தாங்க முடியாது. வயிற்றில் நீர்கோத்துச் சாகும். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊர்களில் இது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கோழிக்கும் பத்துக் குஞ்சுக்கும் ஆகும் தண்ணீர் அதிகமில்லை.

இனிக் குறைகள். ஏழாம் நாள் முட்டைகளை இருட்டறையில் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தரும் சேவை இங்கே உண்டு. அட்டையில் சிறு துளையிட்டு அதன் மேல் முட்டையை வைத்துக் காட்டும்போது சிலந்தி வலை போல ரத்த நாளங்கள் பரவியிருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. எதுவுமில்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு பிடித்துப் பிறகு செத்தது. கூமுட்டைக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று புதிய முட்டை தருகிறார்கள், ரத்த வளையம் தெரிந்தால் வளர்ப்பவர் கவனக்குறைவு என்று கைவிரித்துவிடுகிறார்கள். இந்த விதி இரண்டு பக்கமும் பிழை. தொடக்க நாட்களில் கரு சாவதற்கு அடைக்கு முன் பட்ட வெப்பமும், குலுக்கலும், முட்டையின் வயதும் காரணமாகலாம். அவற்றில் பாதி கடையின் பொறுப்பில் நடந்திருக்கக்கூடும். மறுபக்கம், ஏழாம் நாள் தரும் மாற்று முட்டையால் அந்த அடைக்குப் பயனில்லை. கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். முதல் குஞ்சுகள் வெளிவந்து ஓரிரு நாளில் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு கூட்டைவிட்டு இறங்கிவிடும், ஒரு வாரம் பிந்திய முட்டை உயிரோடு குளிர்ந்துபோகும். மாற்று முட்டைக்குப் பதிலாக அடுத்த முறைக்கான விலைக் கழிவாகத் தருவதே நியாயம். கேட்டபோது பெரியம்மா மறுக்கவில்லை. விதியை இதுவரை மாற்றவும் இல்லை. அதுவரை, மாற்றாக வாங்கும் முட்டையைத் தனியே வேறொரு கோழிக்கு வைக்க முடிந்தால் மட்டுமே வாங்குங்கள். பார்ப்பதற்காக முட்டைகளைத் தொலைவிலிருந்து கடைக்குச் சுமந்து வரவும் வேண்டாம். கைபேசி விளக்கிலேயே இரவில் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். 18-ஆம் நாளுக்குப் பிறகு அதுவும் கூடாது.

அடைக்கோழியை வாரத்துக்குத் தரும் ஏற்பாட்டில் கோழியும் முட்டையும் அவர்களுடையவை, இடமும் தீனியும் பாதுகாப்பும் நம்முடையவை, பிழைக்கும் குஞ்சுகளில் பாதிக்குப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கூடையில் போட்டு வேறு ஊருக்குக் கொண்டுபோனால் சில கோழிகள் அடையைக் கலைத்துவிடுகின்றன. எனக்குத் தந்த கோழி உட்கார்ந்தது, ஆனால் சிறகுக்கு அடியில் செள் மொய்த்திருந்தது. இரவில் அவை கடித்தால் எவ்வளவு நல்ல கோழியும் முட்டையை விட்டு எழுந்துவிடும். கோழியைக் கொடுப்பதற்கு முன்பு மருந்துத் தூள் தூவித் தருவது விற்பவரின் கடமை. அதைவிடப் பெரிய குறை, அக்கோழிகளுக்கு, கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, அரசு கால்நடை மருந்தகங்களிலும் ஊசி போடுகிறார்கள். அதைப் பயன்படுத்தாமல் பல ஊர்களுக்குக் கோழி அனுப்புவது ஒரு வீட்டு நோயைப் பத்து வீட்டுக்குக் கொண்டுபோவதாகும். வாரக்கோழி எடுப்பவர்கள் அதை வீட்டுக் கோழிகளோடு கலக்காமல் தனிப் பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையில்) வையுங்கள். பொரிக்கும் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள், அதே நோயைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்தை மறக்க வேண்டாம்.

பொரிக்கும் நாளில் தொலைபேசியில் பேசி வழிகாட்டுவது கடையின் நல்ல பழக்கம். ஓட்டில் விரிசல் கண்டு பல மணி நேரமாகியும் குஞ்சு வரவில்லை என்று பதறி அழைப்பவர்களை, உரிக்காதீர்கள் என்று அவர் அதட்டுவதைக் கேட்டிருக்கிறேன். முதல் விரிசலிலிருந்து முழுதாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதற்குள் மஞ்சள்கருவும் ரத்தமும் உடலுக்குள் இழுக்கப்பட வேண்டும், நாம் ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் கொட்டிச் சாகும். அந்த இரண்டு நாளில் நாம் செய்யக்கூடிய உதவி எறும்பைத் தடுப்பதுதான். விரிசல் விட்ட முட்டையின் ஈர வாசனைக்குச் செவ்வெறும்பு வரிசையாக வந்துவிடும். கடகத்தை ஒரு பலகை மேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். கீரியும் சாரையும் வரும் தோப்பு வீடுகளில் இரவில் மேலே கம்பிவலை மூடி அவசியம். பொரித்த குஞ்சுகளுக்குத் தீனி வைக்க அவசரம் வேண்டாம், உள்ளிழுத்த மஞ்சள்கருவே இரண்டு நாள் தாங்கும்.

இணையத்தில் விற்கும் தெர்மாகோல் பொரிப்பானோடு இதை ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். ஐம்பது முட்டைக்கு மேல் என்றால் இயந்திரம் வேண்டும். பத்துப் பன்னிரண்டுக்கு, மின்தடை நேரும் ஊரில், ஒரு நாளைக்குப் பல முறை முட்டையைத் திருப்பி, பொரித்த பிறகு வாரக்கணக்கில் விளக்குச் சூட்டில் குஞ்சைக் காக்கும் வேலையை ஒரு சிறுவிடைக் கோழி கூலியில்லாமல் செய்துவிடுகிறது.

அடைமுட்டை சமையல் முட்டையைவிட ஓரளவு விலை கூடுதல்; தேதியும் தேர்வும் சேர்ந்து வருவதால் அதில் எனக்கு மனக்குறை இல்லை. வேண்டிய எண்ணிக்கையை இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஒரே தேதியை ஒட்டிய முட்டைகளாகச் சேர்த்து வைக்கிறார்கள், சொல்லாமல் போனால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடகம் தனியாகவும் கிடைக்கும்; பனை ஓலை வெட்டும் காலம் முடிந்துவிட்டால் இருப்பு தீர்ந்துவிடுகிறது, ஆகவே தையில் அடை வைக்க நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே வாங்கி உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டு வைக்கலாம். பணத்தை ரொக்கமாகவே எடுத்துச் செல்லுங்கள்.